தாமரைக்கு அல்லி என்ன உறவு?

மக்கானா பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் ‘தாமரை விதை’ என்று அச்சிட்டிருப்பதை அடிக்கடி காணலாம். வாங்குகிறவர்களும் அப்படியே நம்பி, நெய்யில் வறுத்து, மிளகுத்தூள் தூவிக் கொறிக்கிறார்கள். உடம்புக்கு ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் அது தாமரை விதை அல்ல. பீகாரின் மிதிலைப் பகுதியில், தர்பங்கா, மதுபனி மாவட்டக் குளங்களில் விளையும் யூரியேல் ஃபெராக்ஸ் என்ற செடியின் விதையை வறுத்துப் பொரித்தால் கிடைப்பதுதான் மக்கானா. 2022-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. இலை, காம்பு, காய் என்று எங்கே தொட்டாலும் முள் குத்தும் அந்தச் செடி, அல்லிக் குடும்பத்தைச் சேர்ந்தது. தாமரை விதை வேறு: முற்றியதும் கறுத்து இறுகிவிடும், சுத்தியல் இல்லாமல் உடையாது. தாமரை மணி மாலை என்று பூசைப் பொருள் கடைகளில் கோத்து விற்பது அதைத்தான்.

“இதற்கு ஏன் இவ்வளவு அலட்டல்? அல்லியும் தாமரையும் எப்படியும் பங்காளிகள்தானே” என்று கேட்கத் தோன்றும். இந்தக் கட்டுரையே அந்தக் கேள்விக்காகத்தான். அவை பங்காளிகள் இல்லை. ஒரே தெருவில் குடியிருக்கிறவர்கள், அவ்வளவுதான்.

தாவர வகைப்பாடு என்றவுடன் லத்தீன் பெயர்களை மனப்பாடம் செய்த பள்ளி நாட்கள்தான் பலருக்கும் நினைவு வரும். அதன் உள்ளே இருக்கும் கேள்வி எளிமையானது: எந்தெந்தச் செடிகள் ஒரே மூதாதையிடமிருந்து வந்தன, அந்த மூதாதை எவ்வளவு காலத்துக்கு முந்தையது? நெருங்கிய சிற்றினங்களைச் சேர்த்தால் பேரினம், பேரினங்களைச் சேர்த்தால் குடும்பம், குடும்பங்களைச் சேர்த்தால் துறை. மேலே போகப் போகப் பொது மூதாதை பின்னோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். அல்லியின் பேரினம் நிம்ஃபியா, குடும்பம் நிம்ஃபியேசி, துறை நிம்ஃபியேல்ஸ். தாமரையின் பேரினம் நெலும்போ, குடும்பம் நெலும்போனேசி, துறை புரோட்டியேல்ஸ். குடும்பத்தில் மட்டும் பிரிந்திருந்தால் ஒன்றுவிட்ட உறவு என்றாவது சொல்லிக்கொள்ளலாம். இங்கே துறையே வேறு.

நூலைத் திறப்பதற்கு முன் குளக்கரையில் நின்று பார்ப்போம். தண்ணீரோடு ஒட்டிக் கிடக்கும் இலையில், காம்பு சேரும் இடம்வரை ஒரு வெட்டு இருந்தால் அது அல்லி. வெட்டே இல்லாமல் முழு வட்டமாக, நடுவில் காம்பு பொருந்தியிருந்தால் தாமரை. வளர்ந்த தாமரையின் இலை நீர்மட்டத்துக்கு மேலே ஓரிரு முழம் எழுந்து நிற்கும் என்பதால் தொலைவிலிருந்தே தெரிந்துவிடும். ஆனால் இளம் தாமரையின் முதல் இலைகள் அல்லியைப் போலவே மிதக்கும். ஏமாறுவது அங்கேதான், அந்தப் பருவத்தில் வெட்டைத் தேடிப் பார்ப்பதே பாதுகாப்பு. காம்பைத் தடவினால் இன்னொரு விடை கிடைக்கும். தாமரைக் காம்பில் சின்னச் சின்ன முட்கள் நெருடும். திருமுருகாற்றுப்படை ‘முள்தாள் தாமரை’ என்று சொல்வது அலங்காரத்துக்காக அல்ல, தொட்டுப் பார்த்த கையின் குறிப்பு அது. அல்லிக் காம்பில் முள் கிடையாது.

தாமரை இலைத் தண்ணீர் என்று உவமை சொல்கிறோம். அல்லி இலைத் தண்ணீர் என்று யாரும் சொன்னதில்லை. காரணம் இருக்கிறது. தாமரை இலையின் மேல்தோல் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத மேடுகள், அந்த மேடுகளின் மேல் இன்னும் நுண்ணிய மெழுகுக் குழல்கள். நீர்த்துளி மேடுகளின் உச்சியை மட்டும் தொட்டபடி நிற்பதால் உருண்டு ஓடுகிறது, போகிற வழியில் தூசியையும் வாரிக்கொண்டு போகிறது. ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்ஹெல்ம் பார்த்லாட்டும் கிறிஸ்டோஃப் நைன்ஹூயிஸும் 1997-ல் இதை விரிவாக விளக்கிய பிறகு, தானே தூய்மையாகும் பெயின்ட், கண்ணாடி என்று தொழிற்சாலைகள் இந்த உத்தியைப் பின்பற்றத் தொடங்கின. அல்லி இலை பளபளக்கும், ஆனால் அதில் தண்ணீர் இந்த அளவுக்கு உருளாது.

பூவைப் பிரித்தால்தான் வேறுபாடு உண்மையில் விளங்கும். ஒரு தாமரையின் இதழ்களை உதிர்த்துவிட்டால் நடுவில் மஞ்சளாக, மேற்பக்கம் தட்டையாக, கீழே குறுகிய ஒரு பகுதி மிஞ்சும். பொகுட்டு என்று நம் புலவர்கள் சொன்னது இதைத்தான். அதன் தட்டையான முகத்தில் குழிகள் இருக்கும், ஒவ்வொரு குழிக்குள்ளும் ஒரு தனிச் சூலகம். ஒன்றோடு ஒன்று ஒட்டாது, ஒவ்வொன்றும் ஒரே ஒரு விதையாக முற்றும். பொகுட்டைச் சுற்றி நூற்றுக்கணக்கான மகரந்தத்தாள்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் வெள்ளையாக ஒரு சிறு நாக்கு. இதழ் எது, மகரந்தத்தாள் எது என்பதில் குழப்பமே வராது. அல்லியில் அந்தக் குழப்பம் வரும். வெளியிலிருந்து உள்ளே இதழ்களை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டே வந்தால், அவை குறுகிக் குறுகி, ஓரிடத்தில் நுனியில் மகரந்தம் ஏந்தத் தொடங்கிவிடும். இதோ இந்த வரிசையோடு இதழ் முடிந்தது என்று கோடு போட முடியாது. நடுவில் சூலிலைகள் எல்லாம் இணைந்து ஒரே சூலகமாக இருக்கும், உள்ளே ஏராளமான விதைகள்.

காயும் அப்படியே. தாமரைப் பொகுட்டு காய்ந்து பழுப்பேறி, தலை கவிழ்ந்து விதைகளை நீரில் உதிர்க்கிறது. அல்லியோ பூத்து முடிந்ததும் காம்பைச் சுருட்டிக் காயைத் தண்ணீருக்கு அடியில் இழுத்துக்கொள்கிறது. காய் அங்கே பழுத்து வெடித்து, காற்றுப்பை போன்ற உறையோடு சிறு விதைகள் மேலே மிதந்து வந்து, சில நாள் அலைந்துவிட்டுச் சேற்றில் அமர்கின்றன. தாமரை விதைக்கு அவசரமே கிடையாது. சீனாவின் லியாவ்னிங் மாநிலத்தில் வறண்டுபோன ஓர் ஏரிப் படுகையிலிருந்து எடுத்த விதை ஒன்று ஏறத்தாழ 1,300 ஆண்டுகள் பழையது. அது முளைத்ததை ஜேன் ஷென்-மில்லர் குழுவினர் 1995-ல் பதிவு செய்தார்கள்.

இவ்வளவு வேறுபாடு கண்ணெதிரே இருந்தும் அறிஞர்கள் ஏன் இரண்டையும் ஒன்றாக வைத்தார்கள்? 1753-ல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் தாமரைக்கு இட்ட பெயர் நிம்ஃபியா நெலும்போ. அதாவது, தாமரையும் ஒருவகை அல்லி என்பதே அவர் முடிவு. அவரது முறை மகரந்தத்தாள்களையும் சூலகத் தண்டுகளையும் எண்ணிப் பிரிப்பது. தாமரையிலும் அல்லியிலும் எண்ணி மாளாத அளவுக்கு மகரந்தத்தாள்கள், இரண்டும் நீரில் வளர்கின்றன, போதும் என்று விட்டுவிட்டார். பத்தே ஆண்டுகளில், 1763-ல், அதான்சோன் என்ற பிரெஞ்சு அறிஞர் தாமரைக்குத் தனிப் பேரினம் வகுத்தார். சிங்களத்தில் தாமரையைக் குறிக்கும் ‘நெலும்’ என்ற சொல்தான் நெலும்போவாகி அறிவியலில் நிலைத்துவிட்டது. 1788-ல் கேர்ட்னர் நெலும்போ நூசிஃபெரா என்ற இன்றைய பெயரைத் தந்தார்.

பேரினம் பிரிந்ததே தவிர, குடும்பம் பிரியவில்லை. இந்தியக் கல்லூரிகளில் நெடுங்காலம் பாடமாக இருந்த பெந்தாம்–ஹூக்கர் முறையில் இரண்டும் நிம்ஃபியேசியில்தான் இருந்தன. 1981-ல் அமெரிக்கரான குரோன்குவிஸ்ட் தாமரைக்குத் தனிக் குடும்பம் ஒதுக்கினார், ஆனால் அல்லியின் துறையை விட்டு வெளியே அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. சோவியத் நாட்டு அறிஞர் தக்தஜான் தாமரைக்குத் தனித் துறையே கொடுத்தார். சந்தேகத்துக்கு வலுவான காரணம் மகரந்தத்தூளில் இருந்தது. நுண்ணோக்கியில் பார்த்தால் தாமரையின் மகரந்தத்தூளில் மூன்று பிளவுகள். மாமரம், மல்லிகை, அவரை போன்றவை அடங்கிய பெருங்கூட்டத்தின் அடையாளம் அது. அல்லியில் அந்த மூன்று பிளவுகள் கிடையாது.

வழக்கை முடித்துவைத்தது டி.என்.ஏ. இலைகள் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துச் சர்க்கரையாக்க உதவும் நொதி ஒன்று எல்லாப் பச்சைத் தாவரங்களிலும் உண்டு. அந்த நொதிக்கான மரபணுவின் எழுத்து வரிசையை, மார்க் சேஸ் உள்ளிட்ட 42 அறிஞர்கள் 499 விதைத் தாவரங்களில் ஒப்பிட்டு 1993-ல் வெளியிட்டார்கள். இந்த முறையின் தர்க்கம் எளிது: இரண்டு கிளைகள் பிரிந்து எவ்வளவு காலம் ஆகிறதோ அவ்வளவுக்கு எழுத்துகளில் மாற்றங்கள் சேர்ந்திருக்கும். அந்தக் கணக்கில் தாமரை அல்லியின் பக்கத்தில் வரவே இல்லை. மரங்களின் பக்கத்தில் போய் நின்றது. பிறகு வேறு மரபணுக்களை வைத்து ஆராய்ந்தபோதும் விடை மாறவில்லை. 1998 முதல் பன்னாட்டு அறிஞர் குழு வெளியிட்டுவரும் பூக்கும் தாவர வகைப்பாட்டில் தாமரையின் இடம் புரோட்டியேல்ஸ் துறைதான்.

எந்த மரங்கள்? காஷ்மீரின் தால் ஏரியை எடுத்துக்கொள்வோம். அங்கே தாமரை உண்டு. சேற்றிலிருந்து அதன் தண்டைத் தோண்டி எடுத்து ‘நத்ரு’ என்று சமைப்பார்கள். வெள்ளை அல்லியும் அதே நீரில் மிதக்கிறது. கரையில் சினார் மரங்கள் நிற்கின்றன. இம்மூன்றில் உறவுக்காரர்கள் இருவர் யார் என்று கேட்டால், விவரம் தெரியாத எவரும் தாமரையையும் அல்லியையும் கைகாட்டுவார்கள். சரியான விடை தாமரையும் சினாரும். தமிழ்நாட்டில் இதே பாடத்தைப் படிக்க நீலகிரிக்கோ வால்பாறைக்கோ போனால் போதும். தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்காக வரிசையாக நட்டிருக்கும் சில்வர் ஓக், கிழக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். அதுவும் புரோட்டியேல்ஸ் துறை. மக்கடேமியா கொட்டை மரமும் அதே துறை. 2016-ல் வந்த திருத்தத்தில் சபியேசி என்ற குடும்பமும் இதில் சேர்க்கப்பட்டது, அதைச் சேர்ந்த மெலியோஸ்மா மரங்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைக்காடுகளில் இயற்கையாகவே வளர்கின்றன.

சில்வர் ஓக்கையும் தாமரையையும் பக்கத்தில் வைத்து ஒற்றுமை தேடினால் ஒன்றும் பிடிபடாது. வியப்பில்லை. அவை பிரிந்து பத்துக் கோடி ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது, இடைப்பட்ட உறவுகள் பலவும் அழிந்துபோயின. நெலும்போனேசி குடும்பத்தில் இன்று மிஞ்சியிருப்பது ஒரே பேரினம், அதில் இரண்டே சிற்றினங்கள்: ஆசியாவிலும் வடக்கு ஆஸ்திரேலியாவிலும் வளரும் நம் தாமரை, வட அமெரிக்காவில் மஞ்சளாகப் பூக்கும் நெலும்போ லூட்டியா. கோயில் வாசலில் விற்கும் செந்தாமரையும் வெண்தாமரையும் தனித்தனிச் சிற்றினங்கள் இல்லை, ஒன்றின் நிற வேறுபாடுகளே.

அல்லியின் கதை இன்னும் பழையது. பூக்கும் தாவரங்களின் வம்ச மரத்தில் அடியிலேயே பிரிந்துபோன கிளை அது. அதற்கும் முன்னதாகப் பிரிந்ததாகப் பெரும்பாலான ஆய்வுகள் காட்டுவது அம்போரெல்லா என்ற ஒற்றைச் சிற்றினம், பசிபிக் பெருங்கடலில் நியூ கலிடோனியாத் தீவில் மட்டும் வளரும் குறுமரம். அடுத்து அல்லித் துறை. ஒருவித்திலைத் தாவரங்களும், மகரந்தத்தூளில் மூன்று பிளவுகள் கொண்ட பெருங்கூட்டமான உண்மை இருவித்திலைத் தாவரங்களும் தம்முள் பிரிந்தது அதற்குப் பிறகுதான். இதன் விளைவைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நெல் ஒருவித்திலை, தாமரை உண்மை இருவித்திலை. அவை இரண்டுக்கும் உள்ள பொது மூதாதை, தாமரைக்கும் அல்லிக்கும் உள்ள பொது மூதாதையைவிடப் பிந்தியது. ஆகவே வயலில் நிற்கும் நெற்பயிர், அதே வயல் மடையில் மிதக்கும் அல்லியைவிடத் தாமரைக்கு நெருங்கிய சொந்தம். விதையில் இரண்டு இலை இருந்தால் இருவித்திலை, ஒன்று இருந்தால் ஒருவித்திலை, கதை முடிந்தது என்று பள்ளியில் படித்த கணக்கு அல்லியிடம் செல்லாது. அது இரண்டு கூட்டத்திலும் சேராதது.

அப்படியானால் தோற்றம் மட்டும் ஏன் இப்படி ஒத்துப்போகிறது? குளத்துச் சேற்றில் வேரூன்றி வாழ நினைக்கும் எந்தச் செடிக்கும் சில நெருக்கடிகள் பொது. சேற்றில் ஆக்சிஜன் கிடையாது, மேலிருந்துதான் காற்றை இறக்க வேண்டும். ஆகவே காம்பிலும் தண்டிலும் காற்றுக் குழாய்கள். தாமரைக் காம்பை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, ஒரு முனையை நீரில் அமிழ்த்தி மறுமுனையில் ஊதினால் குமிழிகள் வரும், குளத்தங்கரைப் பிள்ளைகளுக்குத் தெரிந்த விளையாட்டு. மிதக்கும் இலையின் அடிப்பக்கம் தண்ணீர் என்பதால் இலைத்துளைகள் மேற்பக்கத்தில் இருந்தாக வேண்டும். வெயில் வேண்டுமென்றால் நீர்ப்பரப்பில் அகலமாக விரிய வேண்டும். இந்த நெருக்கடிகளுக்கு இரண்டு வம்சங்களும் தனித்தனியே ஒரே மாதிரி விடை கண்டன. சுறாவும் ஓங்கிலும் (டால்பின்) ஒரே வடிவில் இருப்பதற்கு உயிரியலாளர்கள் சொல்லும் காரணமும் இதுவே. லின்னேயஸ் பார்த்தது உறவை அல்ல, வசிப்பிடத்தை.

குழாய்களைப் பற்றிச் சொல்லும்போது தாமரை நூலையும் சொல்ல வேண்டும். காம்பை மெல்ல ஒடித்து இழுத்தால் சிலந்தி இழையைவிட மெல்லிய நூல்கள் நீளும். நீரைக் கடத்தும் சைலக் குழாய்களின் சுவரில் சுருள்சுருளாக இருக்கும் தடிப்புகள் பிரிந்து வருவதுதான் அது. மியன்மாரின் இன்லே ஏரிக்கரையில் இந்த நூலைத் திரித்துத் துணியே நெய்கிறார்கள். நம் ஊர்க் கடைகளில் தாமரைத்தண்டுத் திரி விளக்குக்குக் கிடைக்கிறது. திரிக்கு ‘தண்டு’ என்று சொல்வது உண்மையில் காம்பை. வத்தலுக்கும் கூட்டுக்கும் வாங்குகிற, வட்டமாக நறுக்கினால் ஓட்டை ஓட்டையாகத் தெரியும் தாமரைக் கிழங்குதான், தாவரவியல்படி சேற்றுக்குள் கிடையாக ஓடும் தண்டு.

தாமரையின் இன்னொரு குணம் அதன் சூடு. பூத்திருக்கும் சில நாட்களில் தாமரை தன் உடலில் சேர்த்துவைத்ததை எரித்து வெப்பம் உண்டாக்குகிறது. ரோஜர் சீமோரும் பால் ஷுல்ட்சே-மோட்டலும் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு தாவரவியல் பூங்காவில் அளந்து 1996-ல் வெளியிட்டார்கள்: வெளியே குளிர் 10 டிகிரி செல்சியஸுக்கு இறங்கினாலும் பூவின் உட்புறம் 30 முதல் 36 டிகிரிக்குள் நின்றது. வெளிக்குளிர் கூடினால் பூ கூடுதலாக எரிக்கிறது, குறைந்தால் குறைத்துக்கொள்கிறது. மாலையில் இதழ் கூம்பும்போது உள்ளே இருக்கும் பூச்சிகளுக்கு இரவெல்லாம் கதகதப்பான அறை. மறுநாள் இதழ் விரியும்போது அவை மகரந்தம் பூசிக்கொண்டு வெளியேறி அடுத்த பூவுக்குப் போகின்றன. மேலே சொன்ன திருமுருகாற்றுப்படை வரிகளுக்குத் திரும்பினால், அங்கே வண்டுகள் இரவில் முள்தாள் தாமரையில் துயின்று, விடியலில் நெய்தல் பூவுக்குப் போய் ஊதுகின்றன. சூட்டை அளக்கும் கருவி அந்தப் புலவரிடம் இல்லை, ஆனால் வண்டு எங்கே தூங்குகிறது என்பதைச் சரியாகப் பார்த்திருக்கிறார். அல்லியின் உத்தி வேறு, கொஞ்சம் கொடூரமானதும்கூட. முதல் நாள் பூவின் நடுக்கிண்ணத்தில் ஒரு நீர்மம் தேங்கும். மகரந்தத்தோடு வரும் பூச்சி வழுக்கி அதில் விழ, அதன் உடம்பில் இருந்த மகரந்தம் கழுவப்பட்டு அல்லிக்குச் சேர்கிறது. பூச்சி சிலசமயம் மூழ்கியே போகிறது.

நிம்ஃபியா பேரினத்தில் ஐம்பதுக்கு மேற்பட்ட சிற்றினங்கள் உண்டு. நம் குளங்களில் பொதுவாகக் காண்பவை, இலையின் அடியில் மென்மயிர் கொண்ட நிம்ஃபியா பியூபெசன்ஸ், செவ்வல்லியான நிம்ஃபியா ரூப்ரா, நீலமாகவோ வெளுப்பாகவோ பூக்கும் நிம்ஃபியா நௌசாலி. முதல் இரண்டும் இரவில் மலர்ந்து முற்பகலில் கூம்புபவை, மூன்றாவது பகலில் மலர்வது. தாமரை சூரியனுக்கும் ஆம்பல் நிலவுக்கும் என்று இலக்கியம் பிரித்துவைத்ததன் வேர் இது. இலங்கையின் தேசிய மலரான நீல மானெல், நௌசாலிதான். ஆம்பல், குவளை, நெய்தல், கழுநீர் என்ற பழம்பெயர்களில் எது எந்தச் சிற்றினம் என்பதில் உரையாசிரியர்களும் தாவரவியலாளர்களும் இன்னும் ஒத்துப்போகவில்லை. அந்தச் சண்டைக்குள் நான் இறங்கவில்லை.

இணையத்தில் தேடுகிறவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. பண்டைய எகிப்தியச் சுவரோவியங்களில் ‘லோட்டஸ்’ என்று சொல்லப்படும் நீலப் பூ அல்லி. நிம்ஃபியா லோட்டஸ் என்பதும் அல்லி. லோட்டஸ் என்றே பேரினப் பெயர் கொண்ட செடிகளோ அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. தமிழிலும் இதே கூத்து உண்டு: ஏரிகளை மூடிக் கெடுக்கும் ஆகாயத்தாமரை ஒருவித்திலை, ஓரிதழ்த்தாமரை தரையில் வளரும் மூலிகை, படர்தாமரை செடியே அல்ல, தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டியது.

வற்றிய குளத்தை விட்டுப் பறவைகள் பறந்துபோக, கொட்டியும் ஆம்பலும் நெய்தலும் மட்டும் கூடவே கிடப்பதை மூதுரை உறவுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. சேற்றில் கிழங்காகத் தங்கி அடுத்த மழைக்குத் துளிர்ப்பவை என்பதால் மூன்றும் பொருத்தமான தேர்வு. வம்சக் கணக்கில் பார்த்தால் ஆம்பலும் நெய்தலும் ஒரே பேரினம் என்று கொள்ளலாம். கொட்டி வேறு, மிதக்கும் இலை இருந்தாலும் அது ஒருவித்திலைத் தாவரம்.

அல்லிக்கு உண்மையான உறவினர்கள் யார் என்றால், மக்கானாச் செடி, அமேசான் பகுதியில் மூன்று மீட்டர் அகலம்வரை இலை விரிக்கும் விக்டோரியா, மீன் தொட்டிகளில் விற்கும் கபோம்பா. இவற்றை யாரும் எளிதில் ஏற்றுக்கொள்வார்கள். இன்னொன்றும் இருக்கிறது. டிரிதூரியா என்ற பேரினம், சில சென்டிமீட்டர் உயரமே வளரும் புல் கொத்து போலிருக்கும், பூவைப் பார்க்க உருப்பெருக்கி வேண்டும். புல்லுக்கு உறவான ஒருவித்திலை என்றே அதை வைத்திருந்தார்கள். 2007-ல் டி.என்.ஏ. ஒப்பீடு வந்தபோது அது அல்லித் துறைக்கு மாற்றப்பட்டது. பெரும்பாலும் ஆஸ்திரேலியாவில் வளரும் இந்தப் பேரினத்தின் ஒரு சிற்றினம் இந்தியாவிலும், கொங்கணப் பகுதியில் மழைநீர் தேங்கும் இடங்களில் முளைக்கிறது.